அத்தையின் கை காணாமல் போன கதை: விஆர், ஏஆர் வடிவமைப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டேன். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்களுடையது நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஹாலில் சோபா, டிவி அலமாரி, நடுவில் டீப்பாய். முறுக்குத் தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அவரை நடுவில் நிற்க வைத்தேன். "ஆகா, எவ்வளவு அழகு" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "ஏண்டா, என் கையைக் காணோமே?" என்றார். குனிந்து பார்த்துவிட்டு, "காலையும் காணோம்" என்றார். நான் அதைக் கவனிக்காமல் ஒரு ரோலர் கோஸ்டரை ஓடவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கை தானாகச் சோபாவைத் தேடியது, முழங்கால் டீப்பாயில் இடித்தது. அன்று மாலை முழுக்க இஞ்சி டீயும் கையுமாக அறைக்குள் படுத்திருந்தார். அம்மா என்னிடம் பேசவில்லை.

தப்பு முழுக்க என்னுடையதுதான். கைப்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஆளை எப்படிக் கூட்டிப் போவது: இதெல்லாம் பழக்கம். அதையே இங்கேயும் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், கைப்பேசிக்கு வடிவமைக்கும்போது பயனர் என்பவர் இரண்டு கண், ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். விஆரில் முழு ஆளும் வந்து நிற்கிறார், கழுத்து, தோள், காது, வயிறு எல்லாவற்றோடும். அவர் நிற்கும் ஹாலும் டீப்பாயும்கூட வடிவமைப்புக்குள் வந்துவிடுகின்றன.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விஆருக்கு, அதாவது 'விர்ச்சுவல் ரியாலிட்டி'க்கு, 'மெய்நிகர்' என்கிறோம். ஆனால் கொவிட் காலத்தில் ஸூம் சந்திப்பைக்கூட 'மெய்நிகர்க் கூட்டம்' என்று எழுதிப் பழகிவிட்டதால் அந்தச் சொல் கொஞ்சம் தேய்ந்துபோய்விட்டது. இங்கே நான் சொல்வது, கண்ணை முழுக்க மூடிவிட்டு வேறோர் இடத்துக்குள் நம்மை நிற்கவைக்கும் தொழில்நுட்பம். ஏஆர், அதாவது 'ஆக்மென்டட் ரியாலிட்டி', தமிழில் 'மிகைமெய்', அப்படியில்லை. நீங்கள் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்; அதன்மேல் கூடுதலாக ஒரு படமோ எழுத்தோ சேரும். மில்கிராம், கிஷினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் இவை இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளுக்கு அருகே வைத்துக் காட்டினார்கள். இன்றைக்கு அதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். 2024 ஜூன் 28 அன்று இங்கே விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ என்ற கண்ணாடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகத் திருக உங்கள் ஹால் மெல்ல மறைந்து ஒரு மலையோ ஏரியோ வந்துகொண்டிருக்கும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த சமாசாரமில்லை. ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே தலையில் மாட்டும் காட்சிக் கருவியைக் காட்டிவிட்டார். கனம் தாங்காது என்பதால் அது கூரையிலிருந்து தொங்கியது. 'ஏஆர்' என்ற பெயர் பிறந்த இடம் இன்னும் சுவாரசியமானது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் விமானங்களுக்கான வயர்களை நீண்ட பலகைகளின்மேல் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தாளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வழியைப் பலகையின் மேலேயே தெரியும்படி கண்ணாடியில் காட்டினால் என்ன என்று டாம் காடெலும் டேவிட் மைசெலும் யோசித்தார்கள். தொழிலாளியின் இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, தாளைப் புரட்ட மூன்றாவது கை இல்லை. ஏஆர் என்ற பெயருக்கே தொடக்கம் அதுதான். புதிதாக ஏஆர் செய்ய வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதனால்தான் இது: பயன்படுத்துகிறவருடைய கை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்?

சரி, அத்தையின் வயிற்றுக்கு வருவோம்.

கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

நம் உட்காதில் உடம்பின் அசைவை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. தலை திரும்பினாலோ, உடல் முன்னே பாய்ந்தாலோ அது மூளைக்குச் சொல்லும். ஜொகூருக்குப் போகிற பஸ்ஸில் கைப்பேசியைப் படித்துக்கொண்டே போனால் குமட்டுகிறதே, ஏன்? காது 'ஓடுகிறோம்' என்கிறது, கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. விஆரில் இது அப்படியே தலைகீழ். கண் 'பாய்கிறோம்' என்கிறது, காது 'செங்காங் ஹாலில் நிற்கிறோம்' என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் தலைசுற்றலுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ரோலர் கோஸ்டர் என்பது இந்தச் சண்டையை வேண்டுமென்றே மூட்டிவிடும் வேலை. முதல் தடவை மாட்டுகிறவருக்கு அதைக் காட்டியவன் அறிவாளி இல்லை.

இதில் பாதி பொறியாளர்களின் பொறுப்பு. தலையைத் திருப்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்குமேல் தாமதம் இருக்கக்கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. வினாடிக்கு 90 படங்கள் காட்டும் கருவியில் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 11 மில்லிவினாடி. நீங்கள் ஆசைப்பட்டுச் சேர்க்கும் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நிழலும் அந்த நேரத்தைத் தின்னும். இங்கே அழகுக்காகச் செய்யும் வேலைக்கு விலையைப் பயனரின் வயிறு கொடுக்கிறது.

மீதிப் பாதி வடிவமைப்பவர் கையில். பயனர் கேட்காமல் காட்சியை நகர்த்தக்கூடாது. சினிமாவில் கேமராவைச் சுழற்றுவது போல இங்கே சுழற்ற முடியாது, ஏனென்றால் இங்கே கேமரா என்பது பார்ப்பவரின் தலை. அடுத்தவர் தலையைப் பிடித்துத் திருப்பும் உரிமை நமக்கு இல்லை. தூரமாகப் போக வேண்டுமென்றால், போக வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் அங்கே கொண்டுபோய் விடுவது ஒரு வழி. வழியில் நகர்வதே தெரியாததால் காதுக்குச் சண்டை போடக் காரணமில்லை. திரும்புவதையும் வழுக்கிக்கொண்டு திருப்பாமல் 30 டிகிரி, 45 டிகிரி என்று வெட்டி வெட்டித் திருப்புவார்கள். நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் அந்த நேரத்தில் மட்டும் பார்வையின் ஓரங்களை இருட்டாக்குவார்கள், ஏனெனில் அசைவைக் கண்ணின் ஓரம்தான் அதிகம் பிடிக்கும். பார்க்கக் கொஞ்சம் மட்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

துணி காயப்போடும் மூங்கில்

அறிவியல் புனைகதைப் படங்களில் கையை உயர்த்தி, காற்றில் மிதக்கும் பலகைகளைத் தள்ளித் தள்ளி வேலை செய்வார்கள். பார்க்க ஜோராக இருக்கும். அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் கண்ணாடி எதுவும் வேண்டாம். வீவக சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போட்டுப் பாருங்கள். இரண்டாவது கழியிலேயே தோள் 'போதும்' என்று சொல்லும். தொழிலில் இதற்குக் 'கொரில்லாக் கை' என்று பெயர். அதனால் அடிக்கடி தொட வேண்டிய எதையும் தோள் உயரத்தில் வைக்கக் கூடாது. முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க, முன்கை மட்டும் அசையும் இடத்தில் வைத்தால் அரை மணி நேரம்கூட வேலை செய்யலாம்.

கழுத்துக்கும் இதே கதைதான். இடமும் வலமும் சுமார் 30 டிகிரி வரை சிரமமில்லாமல் திரும்பும். அதற்குமேல் திரும்பினால் உடம்பையும் திருப்பத் தோன்றும். மேலே பார்ப்பது அதைவிடக் கஷ்டம். கரையோரப் பூந்தோட்டங்களில் 50 மீட்டர் வரை உயரும் செயற்கை சூப்பர் மரங்களைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, எதிரே: முக்கியமானவை எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வேண்டியவை எப்போதாவது வரும் அதிசயங்களாக மட்டும் இருக்கட்டும்.

கையைத் தூக்கவே வேண்டாம், கண்ணாலேயே தேர்ந்தெடுக்கலாம் என்று சில கருவிகள் வந்துவிட்டன. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கண் என்பது பார்ப்பதற்கு. பார்த்ததெல்லாம் 'அழுத்தியதாக' எடுத்துக்கொண்டால் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஆங்கிலத்தில் இதற்குத் தொட்டதெல்லாம் பொன்னாகும் மைதாஸ் அரசன் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்குப் பஸ்மாசுரன் இன்னும் பொருத்தமாக இருப்பான். விஷன் புரோவில் இதைத் தாண்டிய விதம் எளிமையானது: கண்ணால் குறிபார்க்க வேண்டும், மடியில் கிடக்கும் கையின் இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளினால்தான் தேர்வாகும். பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையில் ஒரு கதவு போட்டுவிட்டார்கள். அந்தக் கருவியின் விலையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, ஆனால் இந்த ஒரு முடிவுக்குக் கைதட்டலாம்.

'மேசை' எப்படி 'மசே' ஆனது

எழுத்து அளவைப் பற்றி முதலில். கைப்பேசியில் எழுத்துக்கு இவ்வளவு புள்ளி என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் திரை கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. முப்பரிமாண வெளியில் 'பெரிய எழுத்து' என்று சொன்னால் அர்த்தமில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரிகிறதா இல்லையா என்பதை எண்ணின் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை, பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கூகல் வடிவமைப்பாளர்கள் 2017இல் இதற்கு ஓர் அளவுகோலைச் சொன்னார்கள்: 1 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் என்பது ஓர் அலகு. 2 மீட்டரில் அதே அலகு 2 மில்லிமீட்டர். ஆக, 1 மீட்டரில் 25 மில்லிமீட்டர் உயர எழுத்து வசதியாகப் படிக்க முடிந்தால், 3 மீட்டரில் தொங்கும் பலகைக்கு 75 வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ரொம்பக் கிட்டேயும் வைக்கக்கூடாது. விரலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பும், லென்ஸும் அருகே குவியும். விஆர் கண்ணாடியில் கண் உள்பக்கம் திரும்பினாலும் குவியம் ஒரே தூரத்தில் நிலைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் என்ற ஏஆர் கண்ணாடியிலும் அப்படித்தான்; அதில் அந்தத் தூரம் ஏறத்தாழ 2 மீட்டர். இரண்டும் ஒத்துப்போகாததால் கண் களைத்துவிடும். அதனால்தான் காட்சிகளை 1.25 முதல் 5 மீட்டருக்குள் வையுங்கள் என்று அந்த நிறுவனமே அறிவுரை சொன்னது.

இனி தமிழ். சிங்கப்பூரில் நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்பதால் பல பொதுப் பலகைகளில் தமிழுக்கு ஒரு வரி கிடைக்கும். பெரும்பாலும் அந்த வரிதான் நீளமானதாகவும் இருக்கும். மற்ற மொழிக்கு அளந்து செய்த பலகையில் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துவிடும். நம் ணை, ஞூ போன்றவற்றில் இருக்கும் சுழிகள் கண்ணாடிக்குள் மசங்கி ஒரே புள்ளியாகிவிடும். இது பரவாயில்லை, இடம் ஒதுக்கினால் தீரும். நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டது வேறொன்றுக்கு. ஒரு சோதனைச் செயலியில் 'மேசையைப் பாருங்கள்' என்று எழுதினேன். கண்ணாடிக்குள் 'மசே' என்று ஏதோ வந்தது, பின்னால் ஓர் ஐகாரக் கொம்பு எதோடும் ஒட்டாமல் தொங்கியது.

காரணம் இதுதான். 'மே' என்று எழுதும்போது கொம்பை ம-வுக்கு முன்னால் போடுகிறோம். கணினியின் நினைவிலோ முதலில் ம, அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது அதை முன்னால் நகர்த்த வேண்டியது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. கைப்பேசியும் உலாவியும் இதைப் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்துவருவதால் நாம் யோசிப்பதே இல்லை. விஆர் செயலிகளை உருவாக்கப் பயன்படும் விளையாட்டு எஞ்சின்களில் எல்லா எழுத்துக் கருவிகளும் அதைச் செய்வதில்லை. ம-வுக்கு அடுத்து கொம்பு, அதற்கடுத்து ச என்று வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும். தமிழில் செயலி செய்யப் போகிறவர்கள் முதல் நாளே மேசை, கொடி, பௌர்ணமி என்று மூன்று சொல்லை எழுதிக் கண்ணாடிக்குள் பார்த்துவிடுங்கள். அது சரியாக வராமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம்.

ஹவ்காங் புளோக் 401

ஏஆரில் நிலைமை வேறு. அங்கே ஆள் ஹாலில் இல்லை, தெருவில் இருக்கிறார். 2016 ஆகஸ்டில் போக்கிமோன் கோ என்ற, தெருவில் நடந்து கற்பனை விலங்குகளைப் பிடிக்கும் கைப்பேசி விளையாட்டு இங்கே வந்தபோது ஹவ்காங் புளோக் 401இன் கீழே இரவில் கூடிய கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். அரிய போக்கிமோன் அங்கே கிடைக்கிறது என்று தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கைப்பேசியைப் பார்த்தபடியே சாலையைக் கடந்தவர்களும் உண்டு. அந்த புளோக்கில் குடியிருந்தவர்கள் எல்லாரும் இந்த விளையாட்டில் சேர்ந்தவர்கள் இல்லை, ஆனாலும் அவர்கள் தூக்கமும் அந்த வடிவமைப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஏஆரில் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைப்பது என்றால் அந்த இடத்துக்கு மனிதர்களை வரவைப்பது என்றுதான் பொருள். அங்கே நிற்க இடமிருக்கிறதா, ஐந்தடி நடைபாதையா, பஸ் வரும் வழியா என்று பார்க்காமல் வைக்கக்கூடாது.

அதே ஆண்டு டிசம்பரில் தேசிய அரும்பொருளகத்தில், சிங்கப்பூரை முதலில் நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஃபார்குவார் சேகரித்த இயற்கை ஓவியங்களை வைத்து டீம்லேப் என்ற கலைக் குழு ஒரு பெரிய காட்சியை அமைத்தது. சுவர் முழுக்கக் காடு, அதில் நடமாடும் விலங்குகள். கைப்பேசிச் செயலியைத் திறந்து அவற்றைப் பிடிக்க முடிந்தது, பிடித்த விலங்கைப் பற்றிப் படிக்கவும் முடிந்தது. நான் போனபோது இரண்டு விலங்கைப் பிடித்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். சுவர் அவ்வளவு அழகாக இருந்தது. கூடவந்த பிள்ளைகளோ ஒன்று விடாமல் பிடித்தார்கள். எது சரி என்று சொல்லமாட்டேன்.

வீட்டுக்குள் ஏஆர் செய்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கைப்பேசி தரையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தரையில் இருக்கும் புள்ளி, கோடு, கறைகளை வைத்துத்தான். நம் வீடுகளின் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் அதற்கு எமன். பிடிமானமில்லாமல் வைத்த நாற்காலி வழுக்கிக்கொண்டே போகும். பயனரிடம் 'பிழை' என்று சொல்வதைவிட 'கைப்பேசியை மெதுவாக அசையுங்கள்' என்றோ 'ஒரு பாயை விரித்துப் பாருங்கள்' என்றோ சொல்வது உதவும். அப்புறம், வைக்கும் பொருளுக்குக் கீழே ஒரு நிழலைப் போடுங்கள். நிழல் இல்லாத நாற்காலி தரையில் இருக்காது, மிதக்கும்.

இதையெல்லாம் முயன்று பார்க்கக் கருவி வேண்டும் என்பதில்லை. ஒரு சனிக்கிழமை நான் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனுக்குப் போய், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு உறையில் மார்க்கரால் 'பூக்கடை' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டு, முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பத்து அடியில் இரண்டு விஷயம் புரிந்தது. பார்வையின் நடுவில் எழுத்தை வைத்தால் எதிரே பேசுகிறவர் முகத்தில் 'பூக்கடை' என்று ஒட்டியிருக்கும். எழுத்தைக் கீழே ஓரமாக ஒதுக்க வேண்டும். இரண்டாவது, நண்பகல் வெயிலில் உறை பளீரென்று மின்னியதில் எழுத்தே தெரியவில்லை. ஒன்று மட்டும் அந்த உறை சொல்லித் தராது: ஊடுருவிப் பார்க்கும் பெரும்பாலான ஏஆர் கண்ணாடிகளால் வெளிச்சத்தைச் சேர்க்கத்தான் முடியும், கழிக்க முடியாது. அவற்றில் கறுப்பு என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று அர்த்தம். என் மார்க்கர் கறுப்பு.

கவனத்தை எப்படித் திருப்புவது என்று கேட்பார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் மேளச் சத்தம் கேட்டால் யாரும் சொல்லாமலே திரும்புகிறோம். அம்புக்குறியைவிட அதுதான் மரியாதையான வழி.

பொங்கலுக்கு அத்தை திரும்ப வந்தார். இந்தத் தடவை டீப்பாயை அறைக்குள் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். உள்ளே ஒரு கடற்கரை மட்டும், எதுவும் நகராது. கையை அசைத்தால் உள்ளேயும் இரண்டு கை அசையும். வெகுநேரம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பறவை கத்த, மெல்லத் திரும்பினார். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது மயக்கமும் இல்லை, குமட்டலும் இல்லை. தலையின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொண்டையில வச்ச பூதான் நசுங்கிப்போச்சு. இந்த வாரை யாருடா பண்ணினது?"